இளமைக்குத் தவணை: பட்டான்செருவில் எழுந்த யயாதி காவியமும் காலத்தைக் காட்டி இணங்கவைக்கும் மரபும்

யயாதி என்றாலே மகனின் இளமையை வாங்கிக்கொண்ட தந்தை என்று நினைவுக்கு வருவதற்கு ஏ.கே. ராமானுஜன் ஒரு முக்கியக் காரணம். 'இந்திய ஈடிபஸ்' என்னும் அவருடைய கட்டுரை 1972இலும் விரிந்த வடிவில் 1983இலும் வெளிவந்தது. கிரேக்கக் கதையில் மகன் தந்தையைக் கொல்கிறான்; நம் கதைகளிலோ தந்தையின் ஆசைக்காக மகன் தன்னை ஒடுக்கிக்கொள்கிறான், வன்மையின் திசை மேலிருந்து கீழாக ஓடுகிறது என்பது அவர் வாதம். சாந்தனுவுக்காகப் பிரம்மசரியம் ஏற்ற பீஷ்மரும் யயாதிக்காக முதுமையை ஏற்ற பூருவும் அவர் காட்டும் சான்றுகள். பீஷ்மரைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பில்லை. யயாதியை அந்த வரிசையில் நிறுத்தியதில்தான் சிக்கல்.

இந்த ஐயத்தைக் கிளப்பியது ஹைதராபாத்தின் மேற்கு விளிம்பிலுள்ள பட்டான்செரு. இன்று மருந்துத் தொழிற்சாலைகளாலும் இக்ரிசாட் ஆய்வு நிலையத்தாலும் அறியப்படும் அவ்வூர், 16ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா அமீர்களில் ஒருவரான அமீன்கானின் இருப்பிடம். அவருக்குத்தான் பொன்னெகண்டி தெலகனார்யர் தம் 'யயாதி சரித்திரமு'வை அர்ப்பணித்தார். வடசொற்களை அப்படியே எடுத்தாளாத 'அச்ச தெலுங்கில்' எழுந்த முதல் காவியம் என்பதால் இலக்கிய வரலாறுகள் அதை மறக்காமல் குறிப்பிடும். குறிப்பிட்டுவிட்டு மொழியை மட்டும் பேசி நகர்ந்துவிடும். பல தலைமுறையாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை, செல்வாக்கும் கொடைப்புகழும் கொண்ட ஓர் அமீரின் முன் ஏன் வைத்தார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தெலகனார்யருக்கு முன் இருந்தது ஆதிபருவக் கதை. ராமானுஜன் கதையைப் பிடிப்பது மகன்கள் வரிசையாக வந்து நிற்கும் இடத்தில். ஆதிபருவமோ அதற்கு வெகு முன்பே, அசோக மரங்களின் அருகே, முடிச்சைப் போட்டுவிடுகிறது. யயாதியின் மனைவி தேவயானிக்குப் பணிப்பெண்ணாக வந்த அசுர இளவரசி சர்மிஷ்டை தனக்குள் கணக்குப் பார்க்கிறாள்: தேவயானி பிள்ளை பெற்றுவிட்டாள், எனக்கோ பருவம் வந்தும் கணவனில்லை, இளமை வீணாகிறது. தனியே வந்த அரசனை அவள் மடக்குவது அழகால் அல்ல, வழக்கால். அவளைப் படுக்கைக்கு அழைக்கமாட்டேன் என்று தேவயானியின் தந்தை சுக்கிரருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாக அவன் சொல்கிறான். சில இடங்களில் பொய் பாவமாகாது என்று அவள் பட்டியலிடுகிறாள். அரசனே பொய் சொன்னால் குடிகளுக்கு யார் முன்மாதிரி என்று அவன் கேட்கிறான். தோழியின் கணவன் தனக்கும் கணவனே என்கிறாள். அடிமைக்குத் தனிச்சொத்து இல்லை, ஆகவே நானும் என் எசமானியும் உன் உடைமையே என்று முடிக்கிறாள். அரசன் தோற்றுப்போகிறான்.

காலம் போகிறது, ஆகவே இணங்கு: இந்த வாதத்தை உலக இலக்கியம் பெரும்பாலும் ஆணின் வாயில்தான் வைத்திருக்கிறது. ஹெரிக்கின் 'ஹெஸ்பெரிடீஸ்' (1648) கன்னியருக்கு உபதேசம் செய்கிறது. ஆண்ட்ரூ மார்வெல்லின் நாணக்காரிக் கவிதையில் ஆண் ஒருவனே மூன்று கட்டமாக வழக்காடுகிறான்; அவள் வாயே திறப்பதில்லை. (காலம் மட்டும் போதுமான அளவு இருந்தால் அவள் கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கலாம் என்று அவன் கற்பனை செய்வதைத் தக்காணத்து வாசகர் சிரிக்காமல் கடக்க முடியாது.) 1681இல், ஆசிரியர் இறந்தபின் அச்சான அக்கவிதை எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதும் ஊகமே. தமிழ் வாசகருக்குப் பெண்வாய் வாதம் புதிதல்ல. பாலைக்கலியில் பொருள் தேடக் கிளம்பும் தலைவனை, போன இளமை மீளாது என்று சொல்லித் தோழி தடுக்கிறாள். செலவழுங்குவித்தல் என்று அதற்கு ஒரு துறையே உண்டு. ஆனால் தோழி பேசுவது தலைவிக்காக; சர்மிஷ்டை பேசுவது தனக்காக.

கதையில் அடுத்து நடப்பதற்கு ராமானுஜனின் வாசிப்பில் இடமே இல்லை. உண்மை வெளிப்பட்டு, சுக்கிரர் கிழப்பருவம் பிடிக்கச் சபிக்கும்போது யயாதி தற்காப்பாகச் சொல்வது சர்மிஷ்டையின் வாதத்தையே: பருவத்தில் வேண்டிவந்த பெண்ணை மறுப்பவன் கருவைக் கொன்றவனாவான். தன்னை வென்ற சொல்லைத்தான் அவன் கடன் வாங்கி மாமனாரிடம் நீட்டுகிறான். அது செல்லவில்லை, என்னைக் கேட்டிருக்க வேண்டாமா என்கிறார் சுக்கிரர். இளையவரிடம் வென்ற வாதம் முதியவரிடம் தோற்கிறது. பிறகு முதியவனாகிவிட்ட யயாதி இளமை கேட்டுத் தன் மக்களிடம் போகிறான்.

நான்கு பேர் மறுக்கிறார்கள். அவர்கள் மறுக்கும் விதம் கவனத்துக்குரியது. யது முதல் அனு வரை ஒவ்வொருவனும் முதுமையின் அருவருப்பை அடுக்குகிறான்: நரை, சுருக்கம், குழறும் பேச்சு, குழந்தையைப் போல் வேளை கெட்ட உணவு, வாயொழுகல். தந்தை எந்தக் காலத்தைக் காட்டிக் கேட்கிறானோ அதே காலத்தைக் காட்டி மறுக்கிறார்கள். மார்லோவின் இடையன் அழைப்பு 1599இல் அச்சேறிய அடுத்த ஆண்டே, ரேலியின் பெயரால் வழங்கும் மறுமொழி அச்சானது. அதில் வரும் பெண்ணும் இதையே செய்கிறாள்: இளமை நிலைக்குமானால் வருவேன், நிலைக்காதே. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே மறுப்பைக் கண்டடைந்திருக்கின்றன. கடன் கொடுத்தல் வாங்கல் எதையும் இங்கே நான் சொல்லவில்லை.

கீழ்ப்படிதலே கதையின் பொருள் என்றால், ஐவரில் நால்வர் பணியாதது அதற்கு இடறல். அவர்கள் சபிக்கப்படுகிறார்கள் என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் அரசுரிமை இழந்த யதுவின் குலத்தில்தான் கண்ணன் பிறக்கிறான். மறுத்தவனின் வழியைப் பாரதம் இருட்டடிக்கவில்லை. இதைவிட முக்கியமானது தவணை. பீஷ்மரின் விரதம் மீளாதது. பூரு கொடுத்தது ஆயிரம் ஆண்டுக்கு. தவணை முடிந்ததும் யயாதி அதைத் திருப்பித் தருகிறான், துய்ப்பதால் ஆசை அடங்காது என்ற அறிவோடு. திரும்பி வரும் பொருளைப் பறிப்பு என்று சொல்வது கணக்கறியாத பேச்சு. பத்மபுராணம் சொல்லும் வேறு கதையிலும் வற்புறுத்தல் காதலின் பக்கத்திலிருந்தே வருகிறது. அங்கே மன்மதன் மகள் அச்ருபிந்துமதியை யயாதி விரும்ப, முதுமையோடு கூடியவனை ஏற்க முடியாது, அதை மகனிடம் கொடுத்துவிட்டு வா என்று நிபந்தனை பிறக்கிறது. யயாதியைப் பற்றிய காண்டேகரின் மராத்தி நாவலை கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் தமிழாக்கத்தில் படித்தவர்களுக்கு இந்தப் பக்கம் உடனே பிடிபடும். ராமானுஜனின் கட்டமைப்பில் அது விளிம்பில்கூட இல்லை.

இனிப் பட்டான்செரு. இங்கே சான்று மெலிந்தது என்றாலும் வாதத்தைச் சற்று அழுத்தியே வைக்கிறேன். தெலுங்கு மரபில் காவியம் ஒரு கன்னி. அதை ஏற்கும் புரவலர் அவளுக்குக் கணவர். அர்ப்பணமே ஒரு திருமணப் பேச்சு. அழியாத ஏழு 'சந்தானங்கள்' என்ற எண்ணமும் கூடவே உண்டு: மகன், குளம், புதையல், அக்கிரகாரம், கோயில், தோட்டம், காவியம். ஷேக்ஸ்பியரின் 'சானெட்'டுகளில் (1609) முதல் பதினேழு கவிதைகள் அழகிய இளைஞனை மகனைப் பெறும்படி தூண்டுகின்றன. அடுத்து வருபவை கவிதையே அவனை வாழவைக்கும் என்கின்றன. தெலுங்குப் புலவருக்கு இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அமீன்கானின் தோட்டத்தையும் குதுப்ஷாஹி கால அறக்கொடைத் தோட்டங்களையும் ஃபிலிப் வாகனர் ஆராய்ந்திருக்கிறார். ஏழில் ஒன்றைத் தாமாகவே நிறுவிக்கொண்ட மனிதரிடம் இன்னொன்றை ஏற்கச் சொல்லி ஒரு புலவர் வருகிறார். கொண்டுவந்த கதையோ, மகனிடமிருந்து காலத்தைக் கடன் வாங்கியும் நிறைவடையாத அரசனுடையது. மகனைவிடக் காவியம் நம்பத்தக்க சந்தானம் என்ற குறிப்பு அதில் இருப்பதாகவே படிக்கிறேன்.

முஸ்லிம் புரவலருக்கு வடமொழி புரியாது, அதனால்தான் அச்ச தெலுங்கு என்ற விளக்கம் அடிக்கடி காதில் விழும். அது நிற்காது. கோல்கொண்டா சுல்தான் இப்ராஹிம் குதுப்ஷாவுக்கே அத்தங்கி கங்காதரர் 'தபதீ சம்வரணோபாக்கியான'த்தை வழக்கமான வடசொல் கலந்த காவிய நடையில்தான் கொடுத்தார். அந்தச் சுல்தானோ, பட்டத்துக்கு வருமுன் ஏழாண்டுகள் விஜயநகரில் ராமராயரின் நிழலில் வாழ்ந்தவர். தெலுங்குப் புலவர்கள் வாயில் 'மல்கிபராமன்' ஆனவர்.

தபதியும் ஆதிபருவக் காதல் கதைதான். அரசன் சம்வரணன் அவளோடு மலையில் பன்னிரண்டு ஆண்டு கழிக்க, நாட்டில் மழை பொய்க்கிறது. காதலில் கழிந்த காலத்துக்கு விலை யார் தருவது என்பதே அங்கும் கேள்வி. சம்வரணனின் மகன் குரு, பூருவின் வழியில் வந்தவன். ஒரே அரசவட்டத்தில் குருகுலத்தின் இரு கிளைக்கதைகள் எழுந்தது தற்செயல் என்று என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. எது முந்தியது என்பதுதான் தீரவில்லை. யயாதி காவியத்தை இப்ராஹிமின் 1550–1580 ஆட்சிக்காலத்துக்குள் வைப்பதே வழக்கம். அதைப் பத்தாண்டு இடைவெளிக்குள் குறுக்கும் துணிவு எனக்கில்லை. தபதி முந்தியதானால் அமீர் தம் சுல்தானின் ரசனையைப் பின்பற்றினார் எனலாம். யயாதி முந்தியதானால் பட்டான்செருவே வழிகாட்டியது. அப்போது அச்ச தெலுங்கை ஓர் ஊர்ப்புறப் பரிசோதனையாகப் பார்க்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டியிருக்கும்.