நாற்பத்தாறு நாளில் எழுந்த பாலம்

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்ததையும், நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு ரயிலைக் கடல் கொண்டதையும் நாம் அறிவோம். 1914இல் திறக்கப்பெற்று, இராமேசுவரத் தீவை நிலத்தோடு பிணைத்திருந்த பாம்பன் பாலமும் அன்று சிதைந்தது. அதன் 126 இரும்பு உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன.

சீரமைக்கும் பொறுப்பு 32 வயதுப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் வந்தது. சித்தூர்ப் பகுதியில் வாழும் தமிழராகிய நமக்கு அவர் அயலார் அல்லர். பாலக்காடு மாவட்டத்தில் பிறந்து, விக்டோரியா கல்லூரியில் பயின்றவர். முதலில் குறிக்கப்பட்ட தவணை ஆறு மாதம். பின்னர் அது மூன்று மாதமாயிற்று. புதிய உத்திரங்களுக்காகக் காத்திராமல், மூழ்கியவற்றையே தேட முற்பட்டார். அவை கிடந்த இடங்களைக் காட்டியவர்கள் அப்புயலில் துயருற்ற மீனவர்களே. மீட்ட உத்திரங்கள் மீண்டும் தூண்களில் ஏறின; 46 நாளில் பணி முடிந்தது.

தனுஷ்கோடி நகரம் மீளவில்லை. ஆயினும் இராமேசுவரம் தன் யாத்திரிகரையும் வாழ்வையும் திரும்பப் பெற்றது. 2022 வரை ரயில்களைத் தாங்கிய அப்பாலத்தின் அருகே 2025இல் புதுப்பாலம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் அமைத்த அப்பொறியாளரின் பெயரை நாடறியச் செய்த முதற்பணி இதுவே. பொறியாளரின் கணக்கும் மீனவரின் கடலறிவும் கைகோத்தமையால் ஒரு தீவு மறுவாழ்வு பெற்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.