பாபிலோன் ஆற்றங்கரைப் பாட்டும் இத்தாலிய ஊர்ப் பேண்டும்



தேர்பவனிக்கு முன்னால் பேண்டு வாத்தியம் போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அது எதை வாசிக்கலாம், எதை வாசிக்கலாகாது என்ற வழக்கும் நமக்குப் புதிதன்று. இத்தாலி நாட்டில் இவ்வழக்கு பாப்பரசர் வரைக்கும் சென்றது. அவ்வரலாற்றைச் சிறிது கூறுகிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் ஓப்பெரா என்னும் இசைநாடகம் நகரத்து அரங்குகளில் நடந்தது. நாடகம் பாராத சிற்றூர் மக்களுக்கு அதன் பாடல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஊர்ப் பேண்டுதான். பெரும் இசைமேதை வெர்தியே இளமையில் புசெத்தோ ஊர்ப் பேண்டுக்கு மார்ச்சுகள் எழுதியவர்.

அவருடைய 'நபுக்கோ' 1842 மார்ச் 9-ல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் அரங்கேறியது. பாபிலோனில் சிறைப்பட்ட எபிரேயர், யூப்ரடீஸ் நதிக்கரையில் தாய்நாட்டை நினைந்து பாடும் கூட்டுப்பாடல் ஒன்று அதில் உண்டு. அலரிச் செடிகளில் யாழைத் தொங்கவிட்ட அந்த 136-ஆம் சங்கீதமே (எபிரேய எண்ணிக்கையில் 137) அதன் ஊற்று.

இதைப் பேண்டுக்கு மாற்றி எழுதுவது பார்வைக்கு எளிது. பெரும்பகுதியில் எல்லாக் குரல்களும் ஒரே மெட்டையே பாடுகின்றன. ஆனால் மூலத்தின் சுருதி எஃப் ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப்புகள். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு அவை எட்டாகிவிடும்! அரைச் சுருதி இறக்கி எஃப் மேஜரில் எழுதினால் அவனுக்கு ஒரே ஷார்ப்தான். வயலின்களின் வேலை கிளாரினெட்டுகளுக்குப் போகும். பாடகரின் குரலோ, ஃப்ளிக்கோர்னோ என்ற மென்குரல் பித்தளைக் குழல்களுக்குப் போகும். 1885 முதல் ரோமாபுரி நகரப் பேண்டை நடத்திய அலெசாந்திரோ வெசெல்லா இக்கலைக்குப் பாடநூலே எழுதினார்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பாடல் அடங்கிய குரலில் தொடங்குகிறது. யாழை விளித்துக் கேட்கும் இடத்தில்தான் குரல்கள் பலவாய்ப் பிரிந்து முழங்குகின்றன. தொடக்கத்திலேயே எல்லாரையும் ஊதவிட்டால், அழுகிற கூட்டம் ஊர்வலக் கூட்டமாகிவிடும். வார்த்தையும் இல்லாதபோது, கேட்பவன் நினைவுக்கு வருவது சங்கீதமா, நாடகக் கொட்டகையா?

இத்தகைய காரணத்தால்தான் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22, புனித செசிலியம்மாள் திருநாளன்று, கட்டளை பிறப்பித்தார். ஆலயத்துக்குள் பேண்டு கூடாது. வெளியே பவனியில் ஆயர் அனுமதி தரலாம். உலகப் பாட்டுகள் மட்டும் வாசிக்கலாகாது. மக்கள் பாடும் ஞானப்பாடலுக்குப் பேண்டு துணைசெய்வதே நலம் என்றார்.

கட்டளை நியாயமானதே. ஆயினும் அந்தச் சிறைப்பட்டோர் பாடலை 'உலகப் பாட்டு' என்று தள்ள எனக்கு மனம் முழுவதும் இசையவில்லை. சங்கீதத்தில் பிறந்தது கொட்டகையில் வளர்ந்துவிட்டது, அவ்வளவே. நல்லவேளையாக, கட்டளை பவனியைப் பற்றியது, ஊர்ச் சதுக்கத்தைப் பற்றியதன்று. பூசை முடிந்து வெளியே வருகிறவன் அதை அங்கே நின்று கேட்கத் தடையேதும் இருக்கவில்லை.