அணுவுலைக் குழாய்களின் அரிப்பு

கிந்தா பள்ளத்தாக்கின் வெள்ளீயம் பேராக்கை வளர்த்த வரலாற்றை மாணவரும் அறிவர். அணுவுலைக் குழாயிலும் அதற்கொரு பணி இருந்தது. சிர்கோனியத்துடன் நூற்றுக்கு ஒன்றரைப் பங்களவு வெள்ளீயம் சேர்த்தால் அரிப்பு மட்டுப்படும். அத்தகைய கலவையாலான 306 குழாய்களுடன் தமிழகத்தின் கல்பாக்கத்து முதல் உலை 1983 ஜூலை 2 அன்று உயிர்பெற்றது. குழாய்களுள் எரிபொருளைத் தழுவியோடும் கனநீரே வெப்பத்தை ஏந்திச் செல்வது.

அரிப்பு மட்டுப்பட்டதேயன்றி நிற்கவில்லை. நீரின் ஆக்சிஜன் உலோகத்தைப் பற்ற, விடுபட்ட தியூத்தீரியம் (ஹைட்ரஜனின் உடன்பிறப்பு எனலாம்) குழாய்ச் சுவரில் ஊறி அதனை நொறுங்கும் இயல்பினதாக்கும். கல்பாக்கத்து உலை தொடங்கிய முப்பதாம் நாள், கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இவ்வகைக் குழாயொன்று முன்னறிகுறியின்றிப் பிளந்தது. தாங்கு வளையங்கள் நகர்ந்ததால் வெப்பக்குழாய் வெளியிலிருந்த குளிர்ந்த குழாயைத் தொட்டிருந்தது. தொட்ட இடத்தில் தியூத்தீரியம் திரண்டு கொப்புளங்களாகியிருந்தது.

வெள்ளீயம் விடைபெற்றது, நையோபியம் கலந்த குழாய்கள் வந்தன. கல்பாக்கத்திலும் 2002 முதல் பழையவை அகற்றப்பட்டன.

ஆயினும், புதிய கலவைக் குழாய்களைக் கொண்ட குஜராத்தின் காக்ராபார் முதல் உலையிலேயே 2016 மார்ச் 11 அன்று கனநீர் கசிந்தது. அச்சமெல்லாம் உள்ளோடும் நீர்மேல் இருக்க, அரிப்புப் புள்ளிகளோ கரியமில வாயு சூழ்ந்த வெளிப்புறத்தில் காணப்பட்டன. குழாய்கள் யாவும் மாற்றப்பட்டு, 2019-இல்தான் அவ்வுலை மீண்டும் இயங்கியது.