ரொறன்ரோ ஏரிக்கரையில் எழாத நகர்

கனடாவின் ரொறன்ரோ மாநகர், இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறி வாழும் இடமாதலின், நேயர்களுக்குப் புதிதன்று. அந்நகரின் கிழக்குத் துறைப் பகுதியிலே, ஒன்ராறியோ ஏரியை மண்ணிட்டு நிரப்பிப் பெற்ற தரையில், தொழிற்சாலைகளின் காலம் ஓய்ந்தபின் பயனின்றிக் கிடந்தது குவேசைட் என்னும் 12 ஏக்கர் நிலம். அங்கு எழவிருந்து எழாது போன ஒரு குடியிருப்பின் வரலாறு, ‘ஸ்மார்ட் நகர்’ என்னும் கொள்கையை மதிப்பிட விரும்புவோர்க்குப் பெரிதும் பயன்படும்.

மத்திய, மாகாண, மாநகர அரசுகள் மூன்றும் கூடி 2001இல் நிறுவிய வோட்டர்ஃபுரொண்ட் ரொறன்ரோ என்னும் பொது நிறுவனம், இந்நிலத்தைத் திருத்தியமைக்கப் பங்காளி ஒருவரை 2017 மார்ச்சில் நாடியது. அவ்வாண்டு ஒக்டோபரிலே, கூகிளின் தாய்க் கம்பனியான அல்பபெற்றைச் சேர்ந்த சைட்வோக் லாப்ஸ் தெரிவாயிற்று. பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நேரில் வந்து அதனை அறிவித்தார். திட்டந் தீட்டுவதற்கு மாத்திரம் 5 கோடி அமெரிக்க டொலர் செலவிடக் கம்பனி உடன்பட்டது.

தீட்டப்பட்ட திட்டம் கண்ணைக் கவர்வதே. மரத்தாலான உயர்ந்த மாடிக் கட்டடங்கள், பனியை உருக்கத் தாமே சூடேறும் நடைபாதைக் கற்கள், நிலத்தின் கீழாகப் பண்டங்களையும் குப்பையையும் கொண்டுசெல்லும் வழிகள், நடப்போருக்கு இடங்கொடுத்து மாறும் வீதி விளக்குகள் என அதன் அங்கங்கள் பல. இவற்றுட் சில முன்னரே கையாளப்பட்டவை. குப்பையைக் குழாய்வழி காற்றால் உறிஞ்சும் முறை சுவீடன் நாட்டு வைத்தியசாலை ஒன்றில் 1961இலேயே அமைக்கப்பட்டது. கம்பனியின் தனிக் கருத்து வேறொன்று: தெருவெங்கும் உணர்கருவிகளைப் பதித்து, மக்களின் நடமாட்டத்தையும் மின் பாவனையையும் ஓயாது பதிவு செய்தல்.

வழக்கு இங்கேதான் பிறந்தது. எரிபொருளைச் சிக்கனஞ் செய்ய அளவை வேண்டும் என்பது மெய்யே. ஆயின் வீதி விளக்கு அறியவேண்டியது கடப்பதற்கு ஒருவர் நிற்கிறார் என்பதை மட்டுமே. அவர் யாரென்பதை அன்று. ஒன்ராறியோவின் முன்னாள் தகவல், அந்தரங்க ஆணையாளரும் திட்டத்தின் ஆலோசகருமான ஆன் கவூக்கியன், பதிவாகும் கணத்திலேயே ஆளடையாளம் நீக்கப்படல் வேண்டுமென வற்புறுத்தினார். பிற நிறுவனங்களை அவ்விதிக்குக் கட்டுப்படுத்த இயலாதெனத் தெரிந்ததும், 2018 ஒக்டோபரில் பதவி துறந்தார். பதிவுகளைத் தனியான பொறுப்பமைப்பு ஒன்றிடம் ஒப்படைப்பதாகக் கம்பனி கூறியபோதும் ஐயந் தீரவில்லை.

பொருள் பற்றிய ஐயமும் உடன் சேர்ந்தது. எதிர்காலச் சொத்து வரியிலும் நிலமதிப்பின் உயர்விலும் கம்பனி பங்கு கேட்க எண்ணுகின்றதென ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகை 2019 பெப்ரவரியில் வெளிப்படுத்தியது. ஏப்ரலில் கனடாக் குடியியற் சுதந்திரச் சங்கம் மூவரசுகள்மீதும் வழக்குத் தொடுத்தது. ஜூனில் வெளியான திட்ட நூல் 1,500 பக்கங்களுக்கு மேற்பட்டது. அதில் 12 ஏக்கர் 190 ஏக்கராய் விரிந்திருந்தது! அத்துணைப் பக்கங்களையும் அயலிற் குடியிருப்போர் எங்ஙனம் படித்துக் கருத்துரைப்பர்? ஒக்டோபர் இறுதியில் எல்லை மீண்டும் 12 ஏக்கராய்ச் சுருக்கப்பட்டது; பொறுப்பமைப்பு என்னும் யோசனையும் கைவிடப்பட்டது. 2020 மே 7ஆந் தேதி, பெருந்தொற்றுக் காலத்துப் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணங் காட்டிக் கம்பனி விலகிற்று. அஃதொன்றே காரணமெனக் கொள்ளல் அரிது.

இதே நகரில், ஆரவாரமின்றி 2004 முதல் இயங்கிவரும் வேறொரு பொறிமுறையை இதனோடு ஒப்புநோக்கல் தகும். ஏரியின் 83 மீற்றர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 4 பாகை சென்ரிகிறேட் வெப்பநிலையுள்ள நீர் குழாய்வழி கரைக்கு வருகின்றது. அதன் குளிர்ச்சி, வெப்பமாற்றிகளின் வழியாக நகர மையத்துக் கட்டடங்களுக்குக் கடத்தப்படுகின்றது. அந்நீரே பின்னர் நகரின் குடிநீராகின்றது. கோடையிற் குளிரூட்டும் பொறிகள் உண்ணும் மின்சாரம் இதனாற் பெரிதும் மிச்சமாகின்றது. இதற்கு வேண்டியது கட்டடம் எவ்வளவு குளிர்ச்சியைப் பெற்றதென்ற கணக்கே. தெருவிற் செல்வோரைப் பற்றிய பதிவு எதுவும் அதற்குத் தேவையில்லை.

குவேசைட் நிலத்துக்குப் புதிய திட்டமொன்று 2022 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. எளியோர்க்கு ஏற்ற வாடகையில் 800க்கு மேற்பட்ட வீடுகள், 2 ஏக்கர் வனம், ஒரு நகரப் பண்ணை என்பன அதன் முகப்பில் நின்றன. பழைய திட்டத்தின் மரக் கட்டடம் என்னும் கருத்து அதிலும் இடம்பெற்றது.