நிக்கிற வண்டியும் தின்னும்

மக்களே, முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பயந்துடாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

ஒரு சின்ன பெட்ரோல் காரோட ஸ்டார்ட்டர் மோட்டார் (நம்மூர் பாஷைல 'செல்ஃப்') இஞ்சினைச் சுத்த சுமாரா 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. மூணு செகண்டுல இஞ்சின் பிடிச்சுக்குது. 150ஐ 3ஆல பெருக்கி 3600ஆல வகுத்தா 0.125 ஆம்பியர்-மணி. அவ்வளவுதான் செலவு. அதே கார் பூட்டி நிக்கும்போது அலாரம், ரிமோட் சாவிக்குக் காது கொடுக்கிற ரிசீவர், கடிகாரம், இஞ்சின் கம்ப்யூட்டரோட ஞாபகம்னு எல்லாம் சேர்ந்து ஒரு 30 மில்லி ஆம்பியர் உறிஞ்சுது. 50க்குக் கீழே இருந்தா மெக்கானிக்கே "நார்மல் சார்"னு சொல்லிடுவார். ஆனா 24 மணி நேரத்துக்கு அது 0.72 ஆம்பியர்-மணி.

அதாவது, ஒரு நாள் சும்மா நிக்கிறதுக்கு ஆகுற செலவுல கிட்டத்தட்ட ஆறு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணலாம்!

சின்னக் கார்ல இருக்கிறது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. 48 நாள்ல சுத்தமா காலி. 2020 மார்ச் 25ல ஆரம்பிச்ச ஊரடங்கு முதல்ல 21 நாள்னு சொன்னாங்க, நீண்டு நீண்டு மே 31 வரைக்கும் 68 நாள் போச்சு. 21 நாளோட முடிஞ்சிருந்தா பேட்டரில பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருந்திருக்கும், வண்டி கிளம்பியிருக்கும். 68 நாள்? கணக்கே பதில் சொல்லிடுது. அப்ப ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டி வந்தவங்க, சாவியைத் திருகினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். வாசல்ல கார் இருக்கு, ரோடு காலியா இருக்கு, போக முடியாது.

ஓடுறதுக்காகச் செஞ்ச வண்டி, நிக்கிறதுக்கு இவ்வளவு சாப்பிடுற நிலைமைக்கு எப்படி வந்துச்சு? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

கதை ஆரம்பிக்கிறது பிரான்சுல, 1859ல. காஸ்டன் பிளாந்தேன்னு ஒரு இயற்பியலாளர், ரெண்டு ஈயத் தகட்டை நடுவுல பட்டை வச்சுப் பிரிச்சு, பாய் மாதிரி சுருட்டி, கந்தக அமிலத்துல முக்கி வச்சார். மின்சாரத்தை ஏத்தலாம், இறக்கலாம், திரும்ப ஏத்தலாம். அடுத்த வருஷமே ஒன்பது செல் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்துல காட்டினார். சங்கடம் என்னன்னா, அந்தத் தகடு 'பழகுறதுக்கு' மாசக்கணக்குல ஏத்தி இறக்கிக்கிட்டே இருக்கணும். 1881ல கமீய் ஃபோர் ஈய ஆக்சைடைப் பசை மாதிரி குழைச்சுத் தகட்டுல பூசிட்டார், அந்தத் தொல்லை தீர்ந்துச்சு. அதே வருஷம் இங்கிலாந்துல செலன்ங்கறவர் சொதசொதன்னு இருந்த ஈயத்தோட ஆன்டிமனி கலந்து கெட்டியான சட்டம் வார்த்தார். (இந்த ஆன்டிமனியை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வில்லனா வருவார்.)

1882ல கிளாட்ஸ்டன், டிரைப்னு ரெண்டு பேர் உள்ளே என்ன நடக்குதுன்னு விளக்கினாங்க. பேட்டரி இறங்க இறங்க ரெண்டு பக்கத் தகடுமே ஈய சல்பேட்டா மாறுது, ஆசிட் தண்ணியா நீர்த்துப் போகுது. ஏத்தினா எல்லாம் பழையபடி. இறங்கின உடனே ஏத்தினா அந்த சல்பேட் பொடிப்பொடியா இருக்கும், சமர்த்தாக் கரையும். இறங்கினபடியே வாரக்கணக்குல விட்டீங்கன்னா, பொடி பெரிய படிகமா வளர்ந்து கெட்டிப்பட்டு உக்காந்துடும். அப்புறம் சார்ஜர்ல போட்டாலும் முழுசாத் திரும்பாது. ஓடாத வண்டியோட பேட்டரி 'செத்துப்போச்சு'ன்னு நாம சொல்றோமே, முக்கால்வாசி அது இந்தச் சாவுதான். வெறுமனே காலியாகுறது நோய், காலியாவே கிடக்கிறதுதான் மரணம்.

இதெல்லாம் நடந்தும் ஆரம்பகால பெட்ரோல் காருக்கு இந்தப் பேட்டரி தேவையே இல்லை, கவனிச்சீங்களா? 1908ல வந்த ஃபோர்டு மாடல் டியை எடுத்துக்கங்க. ஃப்ளைவீல்லயே காந்தம் பதிச்ச மேக்னெட்டோ. இஞ்சின் சுத்தினா ஸ்பார்க் தானா வரும். ஹெட்லைட் எரிஞ்சது கார்பைடு வாயுல. ஸ்டார்ட் பண்ண முன்னாடி ஒரு ஹேண்டில். வண்டியை ஒரு வருஷம் கொட்டாய்ல போட்டு வச்சாலும் காலியாக ஒண்ணும் கிடையாது.

ஆனா அந்த ஹேண்டில் இருக்கே, அது ராட்சசன். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துற லீவரைச் சரியா வைக்காம சுத்தினா, இஞ்சின் எதிர்ப்பக்கம் ஒரு உதை உதைக்கும். மணிக்கட்டு போச்சு. கட்டைவிரலை ஹேண்டிலைச் சுத்திப் பிடிக்காம மத்த விரல்களோட ஒரே பக்கமா வச்சுக்கோன்னு புதுசா வர்ற டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்கிறதே முதல் பாடம். கேடிலாக் கம்பெனித் தலைவர் லேலண்டோட நண்பர் ஒருத்தர் இப்படி அடிபட்டு இறந்ததாலதான் செல்ஃப் பிறந்துச்சுன்னு ஒரு கதை உண்டு, ஆளுக்கொரு விதமா சொல்றாங்க. அந்தக் கதை இல்லாமலேயே காரணம் போதும். கை உடையறது அன்னாட சமாச்சாரமா இருந்துச்சு.

சார்லஸ் கெட்டரிங் இதுக்கு முன்னாடி வேலை பார்த்தது கல்லாப்பெட்டி செய்யுற கம்பெனில. அங்கே கல்லாவைத் திறக்க ஒரு குட்டி மோட்டார் பண்ணியிருந்தார். அங்கதான் பொறி. எந்நேரமும் ஓட வேண்டிய மோட்டாருக்குத்தான் உடம்பு பெருசா வேணும், ரெண்டு செகண்டு மட்டும் ஓடுறதுன்னா சின்ன மோட்டாரையே மூச்சு முட்ட வேலை வாங்கலாம். 1912 கேடிலாக்ல அந்த செல்ஃப் வந்துச்சு. பேட்டரி செல்ஃபைச் சுத்தும், செல்ஃப் இஞ்சினைச் சுத்தும், இஞ்சின் ஓடும்போது ஜெனரேட்டரா மாறி பேட்டரிக்குத் திருப்பித் தரும். அழகான வட்டம்! 1919ல மாடல் டிக்கே செல்ஃப் வந்துடுச்சு. சொல்லப்போனா நம்ம தமிழ்ல 'செல்ஃப் எடுக்கலை'ங்கற சொல்லே அந்த 'தானா ஸ்டார்ட் ஆகுற' பெருமையோட மிச்சம்.

என் பார்வைல இன்னிக்கு நாம படுற பாட்டோட விதை இங்கதான் விழுந்துச்சு. அந்த வட்டத்துல ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: எடுத்ததைத் திருப்பித் தர இவன் தினமும் வண்டி ஓட்டுவான். ஓட்டலைன்னா வட்டம் அறுந்துடும். அப்புறம் வந்த ஒவ்வொரு வசதியும் இந்த நம்பிக்கை மேலதான் கட்டினாங்க.

இதுல ஒரு வேடிக்கை. கிடந்தாலும் சாகாத பேட்டரி அப்பவே இருந்துச்சு. எடிசனோட நிக்கல்-இரும்பு பேட்டரி. காலியாக்கி வருஷக்கணக்குல மூலைல போட்டாலும் திரும்ப ஏத்தினா எழுந்து உக்காரும். (சும்மா இருக்கும்போது ஈயத்தை விட வேகமா இறங்கும்ங்கறது வேற விஷயம், ஆனா அதனால அதுக்குக் கேடு இல்லை.) பாவம், அதோட உள் மின்தடை அதிகம். ஒரே மூச்சுல 150 ஆம்பியர் கொடுன்னா திணறும், குளிர்ல இன்னும் மோசம். செல்ஃபுக்கு வேணும்கிறதோ அந்த ஒரே மூச்சுதான். அதனால ஈயம் ஜெயிச்சுது.

இப்ப வில்லன். தகட்டைக் கெட்டியாக்கின அதே ஆன்டிமனி, கொஞ்சம் கொஞ்சமா பாசிட்டிவ் தகட்டுலேர்ந்து கரைஞ்சு நெகட்டிவ் தகட்டுல போய்ப் படியும். அங்கே உக்காந்து பேட்டரியைத் தானாவே இறங்க வைக்கும், தண்ணியையும் தின்னும். அந்தக் காலத்து ஆளுங்க மாசாமாசம் மூடியைத் திருகி டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினாங்களே, அதுல ஆன்டிமனிக்குப் பெரிய பங்கு உண்டு. சூடு ஏற ஏற இந்த வேலை வேகமா நடக்கும்ங்கறதால நம்ம வெயிலுக்கு இன்னும் கொண்டாட்டம்.

இதுக்கு மருந்து கார் கம்பெனில கிடைக்கலை. டெலிபோன்காரங்ககிட்டேர்ந்து வந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருக்கிற பேட்டரியோட வேலை என்ன? கரண்ட் போற அன்னிக்கு உதவணும். மத்த நாளெல்லாம் சும்மா, ஆனா நிறைஞ்சு, தயாரா நிக்கணும். அப்பவாவது ஓட்டுற நம்ம கார் பேட்டரியோட அண்ணன்! 1935ல பெல் ஆய்வகத்தோட ஹேரிங், தாமஸ் ரெண்டு பேரும் ஆன்டிமனிக்குப் பதிலா துளியூண்டு கால்சியம் கலந்த ஈயத்தை ஆராய்ஞ்சு எழுதினாங்க. தானா இறங்குறது ரொம்பக் குறைஞ்சுது. அந்த எக்ஸ்சேஞ்சுகள்ல இன்னொரு பழக்கமும் இருந்துச்சு. ஒரு செல்லுக்கு ரெண்டேகால் வோல்ட்டை ஒட்டி விடாமக் கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. அந்த அளவுல பேட்டரி கொதிக்கவும் கொதிக்காது, இறங்கவும் இறங்காது. கார்ல ஆறு செல், அப்ப 13.5 வோல்ட். இன்னிக்குக் கடைல விக்கிற 'ஃப்ளோட்' சார்ஜர் முழுசா ஏத்தினதும் வந்து நிக்கிறது சுமாரா அந்த எண்ணுலதான்.

கால்சியம் ஈயம் காருக்கு வந்து சேர 1970கள் ஆச்சு. தண்ணி ஊத்த வேண்டாத 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' பேட்டரி. நடுவுல 1960ல கிறைஸ்லர் கம்பெனியோட வேலியன்ட் டைனமோவைத் தூக்கிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுச்சு, மெதுவா ஓடும்போதும் சார்ஜ் ஏறுச்சு. அப்பாடா, பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நினைக்கிற நேரத்துல எலக்ட்ரானிக்ஸ் உள்ளே நுழைஞ்சுது. ரேடியோக்கு ஞாபகம், இஞ்சினுக்குக் கம்ப்யூட்டர், 1998லேர்ந்து ஐரோப்பாவுல புதுக் கார் எல்லாத்துக்கும் திருட்டுத் தடுக்கிற இம்மொபிலைசர் கட்டாயம், அப்புறம் பாக்கெட்ல சாவி இருந்தாலே திறக்கிற கதவு. கால்சியம் மிச்சம் பிடிச்சுக் கொடுத்ததை இதுங்க தின்னு தீர்த்துடுச்சு.

சரி, அப்பப்போ மட்டும் ஓட்டுறவங்க என்ன பண்றது?

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு"ன்னு எல்லாரும் சொல்ற வைத்தியத்துல எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே போட்ட கணக்கையே பாருங்க. ஒரு வாரம் நின்னா 5 ஆம்பியர்-மணி கடன். சராசரி 10 ஆம்பியர் ஏறினாலும் அரை மணி நேரம் வேணும், பேட்டரி நிறைய நிறைய வாங்குறது குறையும். அதனால வாரத்துக்கு ஒருக்கா முக்கால் மணி நேரம் நிஜமாவே ரோட்டுல ஓட்டுங்க. அஞ்சு நிமிஷ ஐடிலிங் பெட்ரோலுக்குத்தான் கேடு.

மாசக்கணக்குல ஊருக்குப் போறீங்களா? 10 நம்பர் ஸ்பேனர் ஒண்ணு போதும். வண்டி நல்லா ஓடி வந்த அன்னிக்கு நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டி ஓரமா வச்சிடுங்க. எலக்ட்ரானிக்ஸ் குடிக்கிறது நின்னுடும், மிச்சம் இருக்கிறது தானா இறங்குற கொஞ்சம்தான். ஏன் நெகட்டிவ்? அதுதான் பாடியோட சேர்ந்த பக்கம், ஸ்பேனர் பாடில பட்டாலும் பொறி பறக்காது. (1960கள் வரைக்கும் பல பிரிட்டிஷ் கார்ல பாடியோட சேர்ந்தது பாசிட்டிவ்! பழைய வண்டி வச்சிருக்கவங்க பார்த்துக்கங்க.) கழட்டுறதுக்கு முன்னாடி ரேடியோ கோடு இருக்கான்னும், கதவைச் சாவி போட்டுத் திறக்க முடியுமான்னும் பார்த்துடுங்க. பக்கத்துல பிளக் பாயின்ட் இருந்தா ஃப்ளோட் சார்ஜர் இன்னும் மேல். ஆனா மெக்கானிக் கடைல இருக்கிற பழைய மாதிரி சார்ஜரை நாள்கணக்குல மாட்டி விட்டுடாதீங்க, தண்ணியைக் கொதிக்க வச்சிடும். ஹைட்ரஜன் வரும்ங்கறதால காத்தோட்டமும் முக்கியம்.

வோல்ட்மீட்டர் இருந்தா, வண்டி சில மணி நேரம் ஓய்வா நின்னப்புறம் பாருங்க. 12.6 காட்டினா நிறைகுடம். 12.4க்குக் கீழே போனா சார்ஜ் போடுங்க. 12.0ன்னா கால்வாசிதான் மிச்சம்.

"நான் எலக்ட்ரிக் கார் வாங்கிட்டேன், எனக்கென்ன?"ன்னு சிரிக்கிறவங்களுக்கு: அந்த வண்டிலயும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உக்காந்திருக்கு, இன்னும் பல மாடல்கள்ல ஈயம்தான். பெரிய பேட்டரியை இணைக்கிற சுவிட்சை மூடவும், கதவுப் பூட்டுக்கும், கம்ப்யூட்டருக்கும் கரண்ட் அதுலேர்ந்துதான் போகணும். கீழே நூத்துக்கணக்கான வோல்ட்ல பேட்டரி நிறைஞ்சு கிடந்தாலும் மேலே இந்தச் சின்னது படுத்துட்டா வண்டி அசையாது. நிக்கும்போதே பெரியதுலேர்ந்து சின்னதுக்கு ஊட்டுற வேலையைச் சில மாடல்கள் செய்யுது, சிலது செய்யாது. உங்க வண்டி எந்த ரகம், அந்தச் சின்ன பேட்டரி எந்த மூடிக்கு அடியில இருக்குன்னு மேனுவல்ல இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, மேனுவல் இருக்கிறது பூட்டின காருக்குள்ளதானே!