ஒரு வெள்ளைச் சப்பாத்தும் இரண்டு பெயர்களும்

கலியாண வீடு, நேர்முகப் பரீட்சை, பின்னேரம் கூட்டாளிமாரோடு ஒரு தேத்தண்ணி. மூண்டுக்கும் ஒரே சோடிச் சப்பாத்து காணுமா எண்டு எங்களுக்குள்ளே அடிக்கடி கதை வரும். "வெள்ளை ஸ்னீக்கர் ஒண்டு வாங்கு, எல்லாத்துக்கும் போடலாம்" எண்டு யாராவது முடித்துவைப்பார்கள். சரிதான். ஆனால் விளையாடுவதற்கென்று செய்த சப்பாத்து எப்படி லோங்சுக்கும் கொலர் சேட்டுக்கும் கீழே வந்து சேர்ந்தது? தேடிப்போனால், கனபேருக்குத் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரர்தான் முதலில் எதிர்ப்படுகிறார்.

அவர் பெயர் ரொபேர் ஆயே. டெனிஸ் வீரர். 1958 பிரெஞ்சுப் போட்டியில் பட்ஜ் பாட்டிக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 0–5 எண்டு பின்தங்கி நின்றவர், கடைசியில் 7–5 எண்டு வென்றார். அந்தக் காலத்து டெனிஸ்காரர் பெரும்பாலும் கன்வஸ் சப்பாத்தோடுதான் ஓடினார்கள். எங்கட பள்ளிக்கூடச் சப்பாத்துக்குத் தூரத்துச் சொந்தம் எண்டு வையுங்கோ. பக்கவாட்டில் சட்டென்று திரும்பினால் துணி பாதத்தை இறுக்கிப் பிடிக்காது. 1960களின் நடுப்பகுதியில் அடிடாஸின் பிரான்ஸ் கிளையை நடத்திய ஹோர்ஸ்ட் டாஸ்லர், ஆயேயோடு சேர்ந்து தோலில் ஒரு டெனிஸ் சப்பாத்தைக் கொண்டுவந்தார்.

டெனிஸுக்கு வெள்ளை உடுப்புத்தான் மரபு, அதனால் சப்பாத்தும் வெள்ளை. அடிடாஸின் அடையாளமான மூன்று கோடுகளை மேலே தைக்கவில்லை. அந்த இடத்தில் மூன்று வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டார்கள். காற்றும் போகும். எங்கட கணிப்பில், இந்தச் சப்பாத்தின் பிற்காலம் முழுக்க அந்தத் துளைகளில்தான் இருந்தது. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு எந்தக் கம்பனி எண்டே விளங்காது. தன்னைப் பற்றிக் கத்தாத சப்பாத்தை எந்த உடுப்போடும் சேர்க்கலாம்.

ஆயே 1971இல் ஓய்வுபெற்றார். அடிடாஸுக்கோ அமெரிக்கச் சந்தை தேவைப்பட்டது. 1971 அமெரிக்க ஓப்பினையும் 1972 விம்பிள்டனையும் வென்ற ஸ்டான் ஸ்மித்தைப் பிடித்தார்கள். பேச்சு நடந்தது பாரிஸில், ஓர் இரவு விடுதியில். அதன்பிறகு சில காலம் நடந்த கூத்துத்தான் எங்களுக்குப் பிடித்த பகுதி. சப்பாத்தின் நாக்கில் ஸ்மித்தின் முகம், பக்கத்தில் ஆயேயின் பெயர்! 1978இல் ஆயே முற்றாக அழிந்துபோனார். சப்பாத்து மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

இதை அநியாயம் என்பதா, வியாபாரம் என்பதா? எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. இன்னொன்றையும் சொல்லவேணும். பெயர் தங்கியவருக்கும் ஆள் தங்கவில்லை. ஸ்மித் 2018இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பே, தன்னைச் சிலர் ஒரு சப்பாத்தென்று நினைக்கிறார்கள் என்பதுதான்.

2004இல் கொமன் புரொஜெக்ட்ஸ் எண்ட நிறுவனம் 'அக்கிலிஸ்' எண்டு ஒன்றை இத்தாலியில் செய்வித்தது. துளைகூட இல்லை. குதிப்பக்கம் பொன்னிறத்தில் சில இலக்கங்கள், அவ்வளவுதான். எளிமை கூடக்கூட விலையும் கூடியது. பாரிஸில் ஃபீபி ஃபைலோ எண்ட ஆடை வடிவமைப்பாளர் ஸ்டான் ஸ்மித்தைப் போட்டுக்கொண்டு தன் காட்சி மேடைக்கு வந்தார். இடையில் விற்பனையை நிறுத்திய அடிடாஸ், 2014இல் அதைத் திரும்ப இறக்கியது.

ஆகவே கடைக்குப் போனால் பெயரைத் தேடாதேங்கோ. கணுக்காலுக்குக் கீழே நிற்கும் வெட்டு, தடிக்காத அடி, மேல்பாகத்தோடு அடியைச் சுற்றித் தைத்திருக்கிற நூல், பெரிய எழுத்தில்லாத பக்கங்கள். இவை இருந்தால் போதும். வெறும் பசையில் ஒட்டினது எங்கட மாரிக்குத் தாங்காது. செம்மண் ஒழுங்கையால் நடக்கிற ஆளெண்டால் தூய வெள்ளையை விட்டுவிட்டு, கொஞ்சம் மங்கின நிறத்தில் பார்க்கிறதுதான் புத்தி.