காலாளும் கவச வண்டியும்

நம் முன்னோர் சேனையைத் தேர், யானை, குதிரை, காலாள் என நால்வகையாக வகுத்தனர். தேரேறியவனுக்கு முதலிடமும் மண்ணை மிதித்துப் பொருதவனுக்குக் கடையிடமும் தந்தனர். இவ்வுயர்வு தாழ்வெண்ணம் இன்னும் ஒழிந்தபாடில்லை. டாங்கி என்னும் கவச வண்டியில் இருப்பவன் இரும்புக் கோட்டைக்குள் வாழும் பாக்கியசாலி என்றும், காலாட்படையிற் சேர்ந்தவன் குண்டுக்கு இரையாகவே பிறந்தவன் என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்து உண்மைதானா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வோம்.

டாங்கி முதன்முதலாகப் போர்க்களம் கண்டது 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆந் தேதி, பிரான்ஸ் தேசத்து ஸோம் போர்முனையிலாகும். அவ்வண்டியினுள் எண்மர் இருந்தனர். அவர்களுக்கும் எஞ்சினுக்கும் நடுவே தடுப்பேதும் கிடையாது. வெப்பமும் இரைச்சலும் ஒருபுறம் வாட்ட, எஞ்சினின் நச்சுப் புகையால் மயங்கி விழுந்தோரும் உண்டு. பின்னர் வந்த வண்டிகள் திருந்தின. துன்பம் முற்றும் நீங்கவில்லை. ஜப்பானியரின் 95-ஆம் மாதிரி இலேசு டாங்கியில் மூவரே இருந்தனர். மேற்கூண்டிலிருந்த தலைவன் ஒருவனே வழி பார்க்கவும், கட்டளையிடவும், பீரங்கியில் குண்டேற்றிச் சுடவும் வேண்டும். அதன் இரும்புத் தகடோ மிகத் தடித்த இடத்திலும் 12 மில்லிமீட்டர்தான். சாதாரணத் துப்பாக்கிக் குண்டை அது தாங்கும். டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் குண்டைத் தாங்காது. உள்ளே தீப்பற்றினால் அக்கோட்டையே சிதையாகிவிடும்.

காலாளோ மழையிலும் சேற்றிலும் சுமையோடு நடப்பவன்; கவசமற்றவன். ஆயினும் அவனுக்குக் கண்ணும் செவியும் திறந்திருக்கின்றன. நிலத்தைத் தோண்டி மறைவான், மரத்தடியில் பதுங்குவான். சிறு துவாரத்தின் வழியே உலகைப் பார்க்கும் டாங்கிக்காரனுக்கு இவ்வசதி இல்லை.

இவ்விருவரும் எதிர்ப்பட்டால் விளைவது யாது? நம் மலாயா நாடே இதற்குச் சான்று. இங்குள்ள காடும் சதுப்பும் டாங்கிப் போருக்கு ஆகா எனப் பிரிட்டிஷ் தலைமை நம்பியிருந்தது. ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ஆந் தேதி கோத்தா பாருவில் இறங்கியபோது, பிரிட்டிஷாருக்கு இங்கு ஒரு டாங்கியேனும் இல்லை. டாங்கியைக் கண்ணாலும் கண்டிராத இந்தியச் சிப்பாய்கள் பலரே அதனை எதிர்க்க நிறுத்தப்பட்டனர். டிசம்பர் 11-ஆந் தேதி ஜித்ராவுக்கு வடக்கே ஜப்பானிய டாங்கிகள் அவர்களைச் சிதறடித்தன. அப்பாடத்தையும் மேலிடத்தார் சரிவரக் கற்றுக்கொண்டாரில்லை.

1942 ஜனவரி 7-ஆந் தேதி, விடியுமுன், பேராக் மாநிலத்துத் துரோலாக்கில் சுமார் 30 டாங்கிகள் ரப்பர்த் தோட்டங்களினூடே செல்லும் பெருஞ்சாலை வழியே பாய்ந்தன. அங்கே டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் கண்ணிவெடிகளும் போதிய அளவில் இல்லை. வழியை அடைத்திருந்த தடைகளை டாங்கிகளோடு வந்த பொறியாளரும் காலாட்களும் அகற்றினர். கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகளும் அவர்களுக்கு உதவின. சாலையில் அணிவகுத்துச் சென்ற கூர்க்காப் பட்டாளமொன்று பின்புறமிருந்து தாக்கப்பட்டு ஏறக்குறைய அழிந்தது. சிலிம் ஆற்றுப் பாலத்தைத் தகர்க்க வெடி வைத்திருந்தனர். வத்தனாபே என்னும் ஜப்பானிய அதிகாரி டாங்கியை விட்டிறங்கி, வெடியின் கம்பிகளைத் தம் வாளால் அறுத்தார். அன்றும் அடுத்த நாட்களிலும் 3,000 பேருக்கு மேல் சிறைப்பட்டனர். ஜனவரி 11-ஆந் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது.

இவ்வெற்றியை டாங்கிக்கே உரியதாக்குதல் தகுமோ? தடையை அகற்றியவன் காலாள். பாலத்தைக் காத்தவனும் அக்கணத்திற் காலாளாக மாறியவனே. இதன் மறுபுறத்தை ஜனவரி 18-ஆந் தேதி மூவாரை அடுத்த பக்ரியிற் காணலாம். அங்கே காலாட்படையின் துணையின்றி வரிசையாக முன்னேறிய ஜப்பானிய இலேசு டாங்கிகளை ஆஸ்திரேலியரின் இரண்டு சிறு பீரங்கிகள் நொறுக்கிவிட்டன. சிலிமில் வென்ற இரும்பு, பதினொரு நாளில் பக்ரியில் உடைந்தது. இரும்பு மாறவில்லை, உடன் நடந்த கால்கள் இல்லாமற் போயின.

ஆகவே, எவன் உயர்ந்தவன், எவன் தாழ்ந்தவன் என்னும் வினாவே பிழையாகும். ஒருவனுக்கு மற்றவன் கண். மற்றவனுக்கு இவன் கவசம். பிரிந்தால் இருவரும் மாய்வர். சிலிமில் மாண்ட சிப்பாய்கள் கோழைகளல்லர். டாங்கியை நிறுத்தும் கருவி கையில் கொடுக்கப்படாதவர்கள். அவர்களைக் கொன்றது பகைவனின் டாங்கி மட்டுமன்று; 'இந்நாட்டில் டாங்கி வாராது' என்று ஆராயாமற் கொண்ட நம்பிக்கையுமாகும். அந்நம்பிக்கையைக் கொண்டவர் மேலிடத்தில் இருந்தனர். அதற்கு விலை கொடுத்தவரோ சாலையோரத்துப் பள்ளங்களிற் கிடந்தனர். ஆராயாத நம்பிக்கைக்கு எளியோனே முதலிற் பலியாகிறான் என்பதைத் துரோலாக் சாலை வழியே செல்லும் நம்மவர் ஒவ்வொருவரும் நினைவிற் கொள்வாராக.